காட்டுக் காளானைப் பறித்துச் சமைக்கலாமா? விஷக் காளானை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

விஷக் காளானோடு வேகவைத்தால் பூண்டு கறுக்குமா, வெள்ளிக்காசு கறுக்குமா என்றெல்லாம் கேட்டிருப்பதைப் பார்த்தால், காளானைப் பறித்து வந்து சமையல் மேடையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் போல. அடுப்பை அணைத்துவிடுங்கள். அந்தச் சோதனைகள் ஒன்றுக்கும் ஆகாது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டவன் நான்.

எங்கள் ஊர் கோபி பக்கம். கோடை மழை இடியோடு பெய்தால் மறுநாள் விடிவதற்குள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், தூக்குப்போசியோடு கிளம்பிவிடுவார். புற்றுக்காளானுக்கு. கறையான் தன் புற்றுக்குள், மென்று வைத்த இலைதழையில் ஒரு பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. மழைக்கு அது மண்ணைக் கீறி மேலே வந்து குடை விரிப்பதைத்தான் நாம் பறிக்கிறோம். பட்டன் காளான் மாதிரிப் பண்ணையில் வளர்க்க முடியாததும் அதனால்தான். மண் போக நாலு தண்ணீர் அலசி, கையாலேயே கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு, கடலை எண்ணெயில் வதக்குவார். கோழிக்கறி தோற்கும்.

இந்தப் பெருமையில்தான் 2019 ஏப்ரலில் மாட்டினேன். பெங்களூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் புல்தரையில், மழைக்கு மறுநாள், வெள்ளை வெள்ளையாகப் பெரிய குடைகள். மேலே மட்டும் பழுப்பாகச் செதில். 'அம்மாயி வளர்த்த பிள்ளைக்குத் தெரியாததா' என்று பறித்து வந்தேன். பூண்டு கறுக்கவில்லை. மனைவியின் வெள்ளிக் கொலுசும் கறுக்கவில்லை. வறுத்துச் சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது. மனைவி வாயில் வைக்கவில்லை. அவர் ஊரில் இதை நாய்க்குடை என்று எத்திவிட்டுப் போவார்களாம்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு, மருத்துவமனை, இரண்டு நாள் குளுக்கோஸ். சீக்கிரம் ஆரம்பித்தது ஒருவகையில் நல்லது என்றார் டாக்டர். கல்லீரலைத் தின்கிற வகையென்றால் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஒன்றுமே தெரியாதாம். பிறகு வாந்தி வந்து, நடுவில் சரியான மாதிரி இருந்து, அப்புறம்தான் ஆளைச் சாய்க்குமாம். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மேடையில் விட்டுப்போன ஒரு முற்றின குடைக்கு அடியில் பச்சைத் தூள் படிந்திருந்தது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று தேடித் தெரிந்துகொண்டேன். புல்தரைகளில் சாதாரணமாக வருகிற நச்சுக் காளான், வித்துத் தூள் பச்சையாக இருக்கும்.

படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். உடனே 'பச்சைத் தூள் இல்லாவிட்டால் சாப்பிடலாமா' என்றும் யாராவது கேட்பார்கள். கூடாது. உயிரை எடுக்கிற வகைகள் பலவற்றுக்கு வித்து வெள்ளையாகவே இருக்கும்.

படுத்துக் கிடந்தபோதுதான் உறைத்தது: அம்மாயி ஒருநாளும் எந்தச் சோதனையும் செய்ததில்லை. அவருக்குத் தெரிந்தது மூன்று புற்றுகள். வருஷா வருஷம் அதே மூன்று. வழியில் அதே மாதிரி வேறு எங்கே முளைத்திருந்தாலும் குனியமாட்டார். "எடத்த ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்பார். நான் குடையின் உருவத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

அந்த இடமும் இப்போது இல்லை. பட்டா வேலை என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மாமா புற்றுகள் இருந்த அந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார். என்ன விலைக்குப் போனது என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனிடம் எப்படிக் கேட்பது என்று அம்மாவும் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன். இரண்டு புற்றுகளை ஜேசிபி வழித்துவிட்டது. மூன்றாவதில் யாரோ மஞ்சள் துணி சுற்றிப் பால் ஊற்றியிருந்ததால் டிரைவர் தொடவில்லையாம். அது இப்போது யாருடைய மனையில் நிற்கிறதோ, மழை பெய்தால் அங்கே போய்க் குனிய எனக்கு வழி இல்லை.