மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது? புகைப்படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனில் என் மகளைக் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது உள்ளே போனது போலவும் தெரிகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? (வாசகி, திருநெல்வேலி)

கேமரா வாங்க வேண்டாம்மா, நாலடி பின்னால் போங்கள், போதும். போனின் மெயின் கேமராவில் இருப்பது பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ். அதில் முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டும் என்றால் ஓரடி தூரத்துக்கு நெருங்கியாக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில், காதைவிட மூக்கு நாலைந்து அங்குலம் முன்னால் இருப்பது ரொம்பப் பெரிய வித்தியாசம், அதனால் மூக்கு பூதாகரமாக வந்துவிடுகிறது. ஐந்தாறு அடி தள்ளி நின்றால் அதே நாலைந்து அங்குலம் கணக்கிலேயே வராது. லென்ஸைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள், உண்மையில் முகத்தின் வடிவத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம்.

ஐந்தாறு அடி தள்ளி நின்று போனில் 2x அல்லது 3x வைத்து எடுங்கள். ஜூமில் தரம் குறைகிறது என்று தோன்றினால் 1x-இலேயே எடுத்துவிட்டு அப்புறம் ஓரங்களை வெட்டி கிராப் செய்யுங்கள், முகத்தின் வடிவம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்னொன்றும் கவனிப்பீர்கள்: தள்ளி நின்று ஜூம் செய்யும்போது பின்னால் இருக்கும் மரமோ வீடோ பெரிதாகி முகத்துக்குப் பக்கத்தில் வந்தது போலத் தெரியும், குப்பை கூளமெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்கள், தள்ளி நின்றே முகத்தை நிறைக்க விடும் 85 மி.மீ. லென்ஸைத் தேடுவதற்கும் இந்தத் தூரம்தான் முக்கியக் காரணம்.

கேள்வி: ஒன்பது கட்டம் போட்டு, கோடு வெட்டும் இடத்தில் ஆளை நிறுத்தினால்தான் நல்ல கம்போசிஷனா? எல்லா வீடியோவிலும் இதையே சொல்கிறார்கள். (கல்லூரி மாணவர், கோவை)

இல்லை தம்பி. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் இந்த ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி கேமராவுக்கு முன்பே வந்தது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதும்போது சொன்னது. வானமும் நிலமும் சரிபாதியாக இருந்தால் கண் எதைப் பார்ப்பது என்று தவிக்கும், ஏதாவது ஒன்றுக்கு அதிக இடம் கொடு என்பதுதான் அதன் சாரம். அந்த அளவுக்கு அது நல்ல விதி. கடற்கரையில் மேகம் அழகாக இருந்தால் வானத்துக்கு இரண்டு பங்கு கொடுங்கள், மணலில் படகும் வலையும் அழகாக இருந்தால் மணலுக்குக் கொடுங்கள். ஆனால் ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தையோ வாசல் கோலத்தையோ எடுக்கும்போது நட்டநடுவில் நின்று இரண்டு பக்கமும் சமமாக வைத்தால்தான் அந்த அழகு முழுசாக வரும்.

என்னைக் கேட்டால் கட்டத்தைவிட ஓரங்கள் முக்கியம். பழகுகிறவர்கள் எல்லோரும் நடுவில் இருக்கும் ஆளை மட்டும் பார்த்து அமுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கும், இடது மூலையில் யாரோ ஒருவரின் அரை முழங்கை இருக்கும், கால் சரியாகக் கணுக்காலில் வெட்டுப்பட்டிருக்கும். அமுக்குவதற்கு முன் நாலு மூலையையும் ஒரு சுற்று பாருங்கள். அதற்கு இரண்டு நொடிகூட ஆகாது.

ஒரு உதாரணம். கோயில் வாசலில் ஒரு அம்மா மல்லிகை தொடுக்கிறார். நின்றபடி எடுத்தால் அவர் உச்சந்தலை, குடை, பக்கத்தில் நிற்கும் பைக், பின்னால் செருப்புக் குவியல் எல்லாம் வரும், பூ எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முதலில் அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் உயரத்துக்கு வரும்படி கீழே உட்காருங்கள். இப்போது உங்களைப் பிடித்தது எது? நாரைச் சுற்றி இழுக்கும் அந்த விரல்கள் என்றால் விரல், நார், பாதி கட்டிய சரம், மடியில் கிடக்கும் மொட்டுகள் இவ்வளவுதான் படம், முகம்கூட வேண்டாம். அவர் முகம்தான் பிடித்தது என்றால் அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். இரண்டுமே வேண்டும் என்றால் இரண்டு படம் எடுங்கள், ஒன்றிலேயே திணிக்காதீர்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் குழந்தைகளை எடுத்தால் எல்லாமே கலங்கலாக வருகிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் வைத்திருக்கிறேன். (வாசகர், கும்பகோணம்)

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள். படத்தில் சுவர், நாற்காலி எல்லாமே கலங்கியிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்து மூடும் வேகம்) போதவில்லை. ஃபோகஸ் தவறியிருந்தால் குழந்தைக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது தெளிவாக இருக்கும். கையில் பிடித்து 55 மி.மீ.யில் எடுக்க 1/100 நொடியாவது வையுங்கள், ஓடும் குழந்தைக்கு 1/500. படம் இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) 1600, 3200 என்று தைரியமாக ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்தாலும் அது பார்க்கக்கூடிய படம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துளை பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும், விலையும் மற்ற லென்ஸ்களைப் பார்க்கக் குறைவு, அடுத்து ஏதாவது வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள். ஆனால் மணமக்களோடு இரண்டு வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவை 1.8-இல் எடுக்காதீர்கள், பின்வரிசை கலங்கிவிடும். அதற்கு 5.6 அல்லது 8.

கேள்வி: வெள்ளை வேட்டி சட்டை அழுக்காகத் தெரிகிறது, எருமை மாடு சாம்பல் நிறத்தில் வருகிறது. ஏன்? (வாசகர், தேனி)

எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அளப்பதுதான் கேமராவின் வழக்கம். ஃபிரேம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுப்பு என்றால் கூட்டிவிடும். நீங்கள் அதற்கு எதிராகப் போங்கள்: வேட்டிக்கு எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) +1, எருமைக்கு -1. போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியன் குறியை மேலே கீழே நகர்த்தினால் போதும்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் பின்பக்கம் சாய்வது போல விழுகிறது. (வாசகி, திருச்சி)

பக்கத்தில் நின்று அண்ணாந்து பிடிப்பதால்தான். 200 அடிக்கு மேல் உயரமான விமானம் அது. அங்கே நல்லவேளையாக வளாகம் பெரிது, போகும் அளவுக்குப் பின்னால் போங்கள். போனை நெட்டுக்குத்தாக, கொஞ்சமும் சாய்க்காமல் பிடித்து எடுங்கள். கீழே தரை நிறைய வரும், அதை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் அங்கே நடந்து போகும் ஆட்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விமானம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் பார்ப்பவருக்குப் புரியும். கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் முன்பக்கத்துக்குக் காலை வெயில்தான் நல்லது.

கேள்வி: மத்தியானம் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது, முகத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழல். என்ன செய்ய? (வாசகி, மதுரை)

வெயிலில் எடுக்காதீர்கள். வாசற்படிக்கு உள்ளே, நிழலில், வெளியே பார்த்தபடி உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்று எடுங்கள். வானத்து வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும், வீட்டுக்குள் இருட்டாக இருப்பதால் பின்னணியும் தானாக அடங்கிவிடும்.