பிளாக் லிக்கரில் சர்க்கரை: டி.என்.எஸ். காட்டும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: கிண்டியில் எம்.டெக். படிக்கிறேன். யூகலிப்டஸ் மரத்தை கிராஃப்ட் முறையில் (காரமும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து வேகவைத்து) கூழாக்கும் ஆலையிலிருந்து பிளாக் லிக்கர் (கூழை எடுத்தபின் மிஞ்சும் கருங்கழிவு நீர்) வாங்கி வந்தேன். அதிலுள்ள சர்க்கரையை டி.என்.எஸ். முறையில் (டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தின் நிறமாற்றத்தை வைத்து அளப்பது) பார்த்தால் 10 மடங்கு நீர்த்தபோது ஒரு கணக்கு, 50 மடங்குக்கு வேறு கணக்கு. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுத வேண்டாம். உங்கள் கையில் தப்பில்லை, இந்த மாதிரிக்கு அந்த முறை ஒத்துவராது.

டி.என்.எஸ்.ஸுக்குச் சர்க்கரையைத் தனியாகத் தெரியாது. தன்னை ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) எதைக் கண்டாலும் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். உங்கள் கேனில் இருக்கும் சோடியம் சல்ஃபைடும் அதே வேலையைச் செய்யும். சந்தேகம் இருந்தால், சர்க்கரை துளியும் இல்லாத நீர்த்த சல்ஃபைடு கரைசலை டி.என்.எஸ்.ஸோடு கொதிக்கவைத்துப் பாருங்கள். போதாததற்கு, மர இழைகளை ஒட்டிவைக்கும் லிக்னினின் பழுப்பு நிறமே, நாம் அளவெடுக்கும் 540 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகிறது. நிறத்தை பிளாங்க் (டி.என்.எஸ். சேர்க்காத மாதிரி) வைத்துக் கழிக்கலாம். சல்ஃபைடு செய்ததை அந்த பிளாங்க் காட்டாது. ஃபீனால்-சல்ஃபியூரிக் அமில முறையிலும் லிக்னின் தொல்லை உண்டு. ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையைச் சொல்லும் பிரிக்ஸ் மீட்டரோ கரைந்த உப்பையெல்லாம் சேர்த்துக் காட்டிவிடும்.

இன்னொன்று. கிராஃப்ட் சமையலில் சூடான காரத்தில் வெந்த சர்க்கரை பெரும்பாலும் ஹைட்ராக்சி அமிலங்களாக உடைந்துபோயிருக்கும். மிஞ்சுவது முக்கியமாக, சைலோஸ் என்ற சர்க்கரை கோத்த சைலான் சங்கிலிகள். (சல்ஃபைட் முறைக் கழிவு என்றால் கதை வேறு, அது அமிலத்தில் வெந்தது, தனிச் சர்க்கரைகள் நிறைய கிடைக்கும்.) அதனால் முதலில் சங்கிலியை உடைக்க வேண்டும்.

மாதிரியை ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சு வாயுவை இழுத்து வெளியேற்றும் பெட்டி) வைத்து, கலக்கிக்கொண்டே சல்ஃபியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரை பொங்கும், அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, உயிரைப் பறிக்கும் வாயு. திறந்த மேசையில் இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பி.ஹெச். 2-ஐ எட்டும்போது லிக்னின் சாக்லேட் நிறச் சேறாகப் பிரியும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிவை எடுங்கள். சேற்றோடு கொஞ்சம் சைலானும் இறங்கியிருக்கும், அதையும் தனியாகச் சோதியுங்கள்.

அப்புறம் தெளிவில் அமிலத்தை 4 சதவீதமாக்கி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம். அளவு தெரிந்த சைலோஸ், குளுக்கோஸ் கரைசலையும் கூடவே வையுங்கள். சூட்டில் சைலோஸ் கொஞ்சம் ஃபர்ஃபியூராலாகப் போய்விடும். எவ்வளவு போனது என்று அந்தக் கரைசல் சொல்லும். ஆறியதும் கால்சியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கி, வடிகட்டி, ஹெச்.பி.எல்.சி.யில் (ஒவ்வொரு சர்க்கரையையும் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றுங்கள். நடுநிலையான மாதிரியை மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சென்னை வெக்கையில் கிருமிகள் சர்க்கரையைத் தின்றுவிடும். அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சைலோஸ் அளவை 0.88-ஆல் பெருக்கினால் சைலான் வரும். அதற்கு முன், மாதிரியின் ஒரு பங்கில் லிட்டருக்கு 1 கிராம் சைலோஸ் சேர்த்து அதே வழியில் ஓட்டுங்கள். சூட்டில் போன இழப்பைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த 1 கிராம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வரவில்லை என்றால், உங்கள் எண் இன்னும் தயாராகவில்லை.