கேளுங்க டீச்சர்: எல்லை தாண்டும் கணக்கு

கேள்வி: பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ கேரள சிலபஸ். கோயம்புத்தூரில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறேன். கிளாஸ் தொடங்க இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. முதல் செமஸ்டர் முழுவதையும் வீட்டிலேயே படித்து முடித்துவிடலாமா டீச்சர்? கணக்கை நினைத்தால்தான் பயம்.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்)

பதில்: முழுவதையும் முடிக்கிற வேலை வேண்டாம் கண்ணு. நான் அப்படித்தான் கெட்டேன். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து டிகிரி படிக்கக் கிளம்பும் முன்னால், தெரிந்தவர் வீட்டில் கிடந்த தடிமனான கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, முதல் பக்கத்திலிருந்து மூன்று நோட்டு நிறைய எழுதினேன். காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாடம் இரண்டாம் வருஷத்தில்தான் வருகிறதாம். அது வந்தபோது நோட்டும் இல்லை, ஞாபகமும் இல்லை. சிலபஸைப் பார்க்காமல் படித்ததற்குக் கிடைத்த பலன்.

அதனால் உன் பேட்சுக்கு எந்த வருஷ ரெகுலேஷன், அதாவது எந்த வருஷப் பாடத்திட்டம் என்று காலேஜில் கேட்டுத் தெரிந்துகொள். 2021 ரெகுலேஷனை வைத்துச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’, ஐந்து யூனிட். எல்லை தாண்டிப் போகிற பிள்ளைகள் தடுக்கி விழுவது மூன்றாம் யூனிட்டில். பார்ஷியல் டெரிவேட்டிவ் அங்கேதான் வரும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைப் பிளஸ் டூவிலேயே பார்த்துவிடுகிறார்கள். கேரளத்தில் நீ படித்த என்சிஇஆர்டி புத்தகத்தில் அது கிடையாது. “இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதானே” என்று வாத்தியார் நகர்ந்துவிடுவார். உனக்கு மட்டும் தலை சுற்றும். உன் மூளையில் குறை ஒன்றும் இல்லை, நடுவில் ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து சுலபம். தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் தொகுதி, எட்டாம் பாடம். அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் இங்கிலீஷிலும். நீ தமிழ் மீடியத்தில் வளர்ந்தவள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். பார்ஷியல் டெரிவேட்டிவ் விஷயம் இதுதான்: எக்ஸ் ஸ்கொயரை ஒய்யால் பெருக்கியிருக்கிறது என்று வை. எக்ஸைப் பொறுத்து வகையிடும்போது ஒய்யை வெறும் 5 போல, 7 போல ஒரு எண்ணாக நினைத்துக்கொள். விடை 2 எக்ஸ் ஒய். ஒய்யைப் பொறுத்து என்றால் எக்ஸ் ஸ்கொயர்தான் எண். விடையும் எக்ஸ் ஸ்கொயரே. இதில் கை பழக ஒரு வாரம் போதும்.

அப்புறம் முதல் யூனிட். ஈஜன் வேல்யூ என்ற பெயரைக் கேட்டு மிரளாதே, ஒரு மேட்ரிக்ஸுக்கே உரிய சில எண்கள்தான் அவை. அதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பிளஸ் டூவில் பார்த்ததில்லை. மேல்வரிசையில் 2, 1. கீழ்வரிசையில் 1, 2 என்று ஒரு மேட்ரிக்ஸ் எழுது. ஈஜன் வேல்யூ 1, 3 என்று வரும். கூட்டினால் 4, பெருக்கினால் 3. இப்போது மேட்ரிக்ஸை ஸ்கொயர் செய்: 5, 4, 4, 5. கூட்டி வந்தது 4 அல்லவா, அதனால் மேட்ரிக்ஸின் நான்கு மடங்கை அதிலிருந்து கழி (8, 4, 4, 8). பெருக்கி வந்தது 3, அதனால் மூன்று மடங்கு யூனிட் மேட்ரிக்ஸைக் கூட்டு. நாலு இடத்திலும் பூஜ்ஜியம்! கெய்லி-ஹாமில்டன் தேற்றம் இதுதான். கெய்லி என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர் இதை 1858-இல் எழுதியபோது லண்டனில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுவான நிரூபணத்துக்கெல்லாம் அவர் மெனக்கெடவில்லை. நீயும் இப்போது மெனக்கெட வேண்டாம். எண்களை மாற்றிப் பத்துக் கணக்கு போடு, பேனாவால்; வீடியோவை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தால் கைக்கு வராது.

முதல் செமஸ்டரில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் உண்டு. அதைக் காலேஜில் ஆனா ஆவன்னாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். விட்டுவிடு.

காலையில் ஒரு மணி நேரம், இந்த இரண்டு விஷயம், சரியா? மிச்ச நேரத்தில் தூங்கு. ஹாஸ்டலில் அது கிடைக்காது.

கேள்வி: என் மகனும் காலேஜ் சேர்ந்திருக்கிறான். லீவில் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான். அப்பாவோடு காய்கறிச் சந்தைக்குப் போய்க் கணக்கு எழுதுகிறான். கட்டாயப்படுத்தலாமா?
- ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: விடுங்கம்மா. சந்தைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அப்பா விடமாட்டார், அவரைவிடக் கண்டிப்பான வாத்தியார் காலேஜில் கிடைக்கப்போவதில்லை. காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று மட்டும் அவனையே விசாரித்துவரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுவைக்காதீர்கள்.