ஒரு நகரம் மறுசுழற்சிக்குத் தயாரா என்று எப்படிக் கணிப்பது?

மறுசுழற்சித் தயார்நிலை என்றால், குப்பை நம் வாசலைத் தாண்டியதிலிருந்து மீண்டும் பொருளாகும் வரை உள்ள வழி எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்பதுதான். முதலில் பார்க்க வேண்டியது வீட்டை. சாம்பார் ஊறிய செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொட மாட்டார். உலர்ந்ததற்குக் கிலோ கணக்கில் காசு தருவார். அதனால்தான் 2016 திடக்கழிவு விதிகள் மக்கும், மக்காத, அபாயகரமான குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. அப்புறம், பிரித்ததை லாரியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களா என்று கவனியுங்கள். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி மேடுகள் கலந்து கொட்டியே வளர்ந்தவை.

மாவு மில் மாதிரிதான் இது: கல்லும் மண்ணும் கலந்த அரிசி வந்தால் எவ்வளவு நல்ல இயந்திரமும் வீண்.

பெரிய ஆலை கட்டிவிட்டால் நகரம் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்த குப்பை வராவிட்டால் அந்த ஆலை சும்மாதான் நிற்கும்.