அவர் இன்னும் கொஞ்சம் டைம் கேட்கிறார், எவ்வளவுதான் கொடுப்பது?

மேடம், வணக்கம்.

எனக்கு 34 வயது. குரோம்பேட்டையில் ஒரு தோழியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். ராஜாஜி சாலையில், கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் வேலை. பி.காம். முடித்த கையோடு சேர்ந்தவள். இறக்குமதிச் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற சரக்கு விவரப் படிவம்) போடுவது, அதிகாரிகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தயார் செய்வது எல்லாம் நான்தான். கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் போடாவிட்டால் முதல் மூன்று நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். என் டேபிளில் இருந்து அப்படி ஒன்று இதுவரை போனதில்லை. இதை மட்டும் கொஞ்சம் கர்வத்தோடு சொல்கிறேன்.

என்னிடம் ஜி கார்டு இருக்கிறது, அதாவது புரோக்கரின் ஊழியராகக் கஸ்டம்ஸில் வேலை பார்ப்பதற்கான அடையாள அட்டை. அடுத்தது எஃப் கார்டு. அதற்குக் கஸ்டம்ஸ் துறையின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்துகிற தேர்வை எழுத வேண்டும், பிறகு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. பாஸ் ஆனால் என் பெயரிலேயே லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளியிடம் சொன்னேன். "நீ கல்யாணம் பண்ணிட்டுப் போற பொண்ணு, உனக்கு எதுக்கும்மா எஃப் கார்டு?" என்று சிரித்தார். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்குப் புத்தகம் வாங்கப் பணம் கொடுத்திருக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். போன ஆடி மாதத்தில் திருமணத் தளம் ஒன்றில் ஒருவர் அறிமுகமானார். 38 வயது. கிண்டியில் வேலை. விவாகரத்தானவர் என்று போட்டிருந்தார். நேரில் பலமுறை பார்த்துவிட்டோம், பெசன்ட் நகர் கடற்கரையில், பிறகு ஓட்டல்களில். மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். தினமும் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்வார், வைக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடும். ஆனால் வீட்டில் என்னைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கேட்டால், "அம்மாவுக்கு ஹார்ட் பிராப்ளம், கொஞ்சம் டைம் கொடு" என்கிறார். விவாகரத்துக் கேஸ் பற்றிக் கேட்டதற்கு, "ஹைகோர்ட் வளாகத்துலதான் நடக்குது, முடிஞ்ச மாதிரிதான்" என்றார். அந்தத் தளத்தில் அவருடைய பக்கம் இன்னும் இருக்கிறது. நேற்று இரவு 10.40க்குக்கூட உள்ளே வந்திருக்கிறார். என்னோடு பேச ஆரம்பிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால். கேட்டால் சந்தேகப் பேய் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

அம்மா திருவாரூரில் தனியாக இருக்கிறார். அப்பா இல்லை. தம்பிக்கு 30 வயது, அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அந்த வீட்டிலும் சம்மதம். "அக்காவை வெச்சுக்கிட்டுத் தம்பிக்குப் பண்ணா ஊர் என்ன சொல்லும்?" என்று அம்மா நிறுத்தி வைத்திருக்கிறார். தம்பி என்னிடம் எதுவும் சொல்வதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

உடம்பும் சரியில்லை. மாதவிடாய் 45 நாளைக்கு ஒருமுறை, சில சமயம் 60 நாளைக்கு ஒருமுறை வருகிறது. எடை ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாளாவது தலைவலி. ஒரு டாக்டரிடம் போனேன். முதல் கேள்வியே கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். இல்லை என்றதும், "ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தியும் அதையேதான் சொல்கிறார். மாதம் ஒருமுறை பார்லர் போகிறேன், அதுவும் புரொஃபைல் போட்டோவுக்காக. சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் நகைச்சீட்டுக்குப் போகிறது. அலுவலகத் தோழி ஒருத்தி கருமுட்டையை எடுத்து உறைய வைத்துக்கொள் என்கிறாள்.

காலையில் தாம்பரத்தில் இருந்து வரும் வண்டியில் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்வேன். நான் இவருக்காகக் காத்திருக்கலாமா? தேர்வு எழுதலாமா, இல்லை அதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பெயர் வேண்டாம், குரோம்பேட்டை.

* * *

அன்புள்ள தோழிக்கு,

கடைசி இரண்டு கேள்விகளையும் காதல் ஒரு பக்கம், தேர்வு ஒரு பக்கம் என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் அவை இரவு பதினொன்றில் இருந்து பன்னிரண்டரை வரை என்ற ஒரே நேரத்தில் வந்து முட்டுகின்றன. பீச் ஸ்டேஷனில் வண்டி ஏறி, வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு உங்களுக்கென்று மிஞ்சுவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். படிப்பு, தூக்கம் இரண்டும் அதற்குள்தான் நடக்க வேண்டும். இப்போது அது முழுக்க அவருக்குப் போகிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் குரோம்பேட்டையில் வண்டி பிடித்து ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு நேரத்துக்கு வருகிறவர் எப்போது எழுந்திருப்பார் என்று ஊகிக்கக் கஷ்டம் இல்லை. தலைவலிக்கும் ரயிலில் வருகிற அழுகைக்கும் தூக்கக் குறைவு ஒரு பெரிய காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். வேலையைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு மிடுக்கு இருக்கிறது. அவரைப் பற்றிய பத்தியில் அவர் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. அவரோடு பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. 'மரியாதையாக நடந்துகொள்கிறார்' என்பது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லக்கூடிய வாக்கியம். ஒருவேளை எழுத வெட்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் சரி. ஆனால் உங்களுக்குள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இவரைப் பிடித்திருக்கிறதா, இல்லை இதையும் விட்டால் வேறு வராது என்ற பயமா? இரண்டாவது என்றால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக ஒருவரிடம் தினமும் ஒன்றரை மணி நேரம் கொடுப்பது அதிகம்.

இப்போது அவர் சொன்னதற்கு வருவோம். 'முடிந்த மாதிரி' என்று சட்டத்தில் ஒரு நிலை கிடையாது. குடும்ப நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்க வேண்டும். எதிர்த் தரப்பு மேல்முறையீடு செய்யக்கூடிய வழக்கு என்றால் அதற்கான 90 நாளும் கடந்திருக்க வேண்டும். அதுவரை சட்டப்படி அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதாக இருந்தாலும் பொதுவாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை நீதிமன்றம் போக வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு இடம் உண்டு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தீர்ப்பு என்ற ஒரு காகிதம் வந்தே ஆக வேண்டும். பெரும்பாலான திருமணத் தளங்களில் 'விவாகரத்துக்குக் காத்திருப்பவர்' என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கெட்ட எண்ணத்தில்தான் என்று நான் சொல்லவில்லை, பலர் வரன் குறையும் என்று பயந்து இப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்களிடம் உண்மையை அவராகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டபோதும் அவர் வாயில் இருந்து 'மாதிரி' என்றுதான் வந்திருக்கிறது.

தீர்ப்பு நகலைக் கேளுங்கள். அது சந்தேகப் பேய்த்தனம் ஆகாது. ஜாதகம் கேட்கிற ஊரில் தீர்ப்பு நகல் கேட்பதில் என்ன தப்பு? போனில் வேண்டாம், பகலில் நேரில் பாருங்கள். சுற்றி வளைக்காமல் இப்படிக் கேட்கலாம்: "உங்க டைவர்ஸ் ஆர்டரை நான் பார்க்கணும். உங்க வீட்டுல என்னைப் பத்தி எப்போ சொல்வீங்கன்னு ஒரு தேதி வேணும். தளத்துல உங்க பக்கம் ஏன் இன்னும் இருக்கு?" அவர் மழுப்பினால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் இதயக் கோளாறு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அவர் தளத்துக்குள் போவதைத் தடுக்கவில்லையே. (இந்த வரியை அவரிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்காக எழுதினேன்.)

பில் போட ஒரு நாள் தாமதம் ஆனால் 5,000 ரூபாய் என்று கணக்கு வைத்திருப்பவர் நீங்கள். இந்த மனிதருக்குப் போன ஆடியில் இருந்து தேதியே போடாமல் விட்டிருக்கிறீர்கள். மாதக் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இரவுப் போனைப் பத்தரையோடு நிறுத்துங்கள், வாரத்தில் மூன்று நாள் போதும். "படிக்கணும்" என்று காரணம் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதைக் கவனித்தால் பல விஷயங்கள் புரியும்.

தேர்வை எழுதுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளினால், அதற்குப் பிறகு மாமியார் வீடு, அதற்குப் பிறகு குழந்தை என்று அது போய்க்கொண்டே இருக்கும். முதலாளியிடம் வாதாட வேண்டாம், ஜெயிக்க மாட்டீர்கள், ஜெயித்தாலும் பிரயோஜனம் இல்லை. பட்டம் இருக்கிறது. ஜி கார்டு வைத்துக்கொண்டு குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதும் உங்களுக்கு இருக்கும். அதைக் காட்டுகிற காகிதங்களின் நகல்களை இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தால், பையனுக்குக் கொடுக்கும்போதே உங்களுக்கும் ஒன்று கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்தப் பையனோடு சேர்ந்து படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், புத்தகம் அவனிடம் இருக்கிறது.

உடம்பைப் பற்றி. நான் மகப்பேறு மருத்துவர் அல்ல. ஆனாலும் 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்பது மருத்துவம் அல்ல என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாளுக்குள் வருவதைத்தான் சீரான சுழற்சி என்பார்கள். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. சினைப்பை நீர்க்கட்டி என்கிற பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கலாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, சித்தியாலும்தான். ஸ்கேன் என்றதும் கல்யாணம் ஆகாத பெண்கள் பயந்து ஒதுங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றின் மேலேயே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால் காத்திருக்கவே கூடாது. கருப்பையின் உட்பூச்சு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. போன டாக்டரிடமே திரும்பப் போக வேண்டும் என்று இல்லை. நீங்கள் தினமும் கடந்து போகிற எழும்பூரிலேயே அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. 'கல்யாணம் ஆகிவிட்டதா' என்று அங்கும் கேட்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டுப் பரிசோதனையைக் கேளுங்கள்.

ரயிலில் அழுகை வருவதைச் சாதாரணமாக விட வேண்டாம். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே நம் ஊரில் கேலியாக்கி வைத்திருப்பதால் மனநல மருத்துவரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். சினிமாக் காமெடிக்காக நீங்கள் அவதிப்பட வேண்டியதில்லை.

பணம். நகைச்சீட்டை நிறுத்தச் சொல்லவில்லை, பாதியாக்குங்கள். பதினொரு மாதத்தில் முடிகிற மாதிரி கடைகள் அதை வைத்திருப்பதே, வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகத் தீர்க்காவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வந்துவிடும் என்ற கம்பெனி விதிக்காகத்தான், உங்கள் மேல் உள்ள அக்கறையால் அல்ல. மீதிப் பணத்தில் உங்கள் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள், தேர்வுக் கட்டணத்துக்கும் ஒதுக்குங்கள்.

தம்பி விஷயத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை திருவாரூர் போய், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லுங்கள்: "அவனுக்கு முதல்ல பண்ணும்மா. யாராவது கேட்டா, என் பொண்ணுதான் பண்ணச் சொன்னான்னு சொல்லு." உங்கள் அம்மாவுக்கு ஊரைப் பார்த்துச் சொல்ல ஒரு பதில் வேண்டும், அதை நீங்கள் கையில் கொடுத்துவிட்டால் அவர் அழுதுவிட்டு ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். தம்பி கல்யாணத்தில் நாலு பேர் உங்களைத் துக்கம் விசாரிப்பார்கள். அது ஒரு நாள் கூத்து.

கருமுட்டை பற்றி: 2021-ல் வந்த சட்டப்படி 21 வயதைக் கடந்த, 50 வயதுக்கு உட்பட்ட பெண் கல்யாணம் ஆகாமலே இதைச் செய்துகொள்ளலாம். செலவு அதிகம், பிற்காலத்தில் குழந்தை பிறக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஏ.எம்.எச். என்ற பரிசோதனை முட்டை இருப்பைச் சொல்லுமே தவிர இயல்பாகக் கரு தரிக்குமா என்பதைச் சொல்லாது. மாதவிடாய் ஏன் தள்ளிப் போகிறது என்று தெரியாமல் இதை முடிவு செய்ய முடியாது. ஸ்கேன் முடிவு வந்த பிறகு மறுபடி எழுதுங்கள், தீர்ப்பு நகல் கைக்கு வந்ததா என்பதையும் சேர்த்து.