பாட்டோடு சேர்ந்து மங்கும் ஹெட்லைற் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாடகைக்கு ஓடும் டீசல் வான் ஒன்று வைத்திருக்கிறேன். பெட்டியில் 1000 வாற் என்று எழுதப்பட்ட அம்ப் (பாட்டின் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றையும் பெரிய பேஸ் பெட்டி ஒன்றையும் அண்மையில் பூட்டினேன். இரவில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைற் மங்குகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்று, எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுப் போட்டிருந்தோம். பிறகு வானைத் தள்ளித்தான் இயக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் கப்பாசிற்றர் போடச் சொல்கிறார். நண்பர் ஒருவர் தன்னிடமுள்ள பழைய லொறிப் பற்றரியைச் சேர்த்துக் கட்டலாம் என்கிறார். எதைச் செய்வது? - வான் உரிமையாளர், புதுக்குடியிருப்பு

பதில்: நீங்கள் ஒரே குறையாகச் சொல்பவை உண்மையில் இரண்டு குறைகள். ஓடும்போது வெளிச்சம் மங்குவது வேறு, நிறுத்தி வைத்தபோது பற்றரி இறங்கியது வேறு. எஞ்சின் ஓடும்போது அம்புக்கு மின்சாரம் கொடுப்பது, கராச்களில் இன்றும் டைனமோ என்றே சொல்லப்படும் அல்ரனேற்றர். எஞ்சின் நின்ற பிறகுதான் முழுப் பாரமும் பற்றரியின் தலையில் விழுகிறது. ஆகவே முதற்குறைக்கு இரண்டாவது பற்றரி மருந்தாகாது.

முதலில் உங்கள் அம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்போம். பெட்டியில் அச்சிட்ட 1000 வாற்றை நம்ப வேண்டாம். அம்பின் பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால், அது எடுக்கக்கூடியது சுமார் 60 அம்பியர். 14 வோல்ற்றில் அது 840 வாற். ‘டி’ வகுப்பு அம்பானால் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், பழைய ‘ஏபி’ வகுப்பானால் பாதியை ஒட்டியும் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடாகிவிடும். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை என்பதால், சராசரியாக 20 அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 40 அம்பியர் மணி. உங்கள் வானில் இருப்பது ‘N70’ அளவுப் பற்றரியானால் அதன் கொள்ளளவே ஏறத்தாழ 70 அம்பியர் மணிதான். அதில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைச் சுற்றச் சொன்னால் அது எப்படிச் சுற்றும்? வற்றாப்பளையில் நடந்தது இவ்வளவுதான்.

இனி வெளிச்சம் மங்குவது. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றை எடுத்து, வான் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு பற்றரி முனைகளில் அளவுங்கள். 12.6 வோல்ற் அளவில் நின்றால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான். பிறகு எஞ்சினை இயக்கினால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதன்பின் பாட்டை உரக்க வைத்து, முதலில் பற்றரி முனைகளிலும் அடுத்து அம்பின் முனைகளிலும் அளவுங்கள். பற்றரியில் வோல்ற் நிலையாக நிற்க அம்பில் மட்டும் விழுந்தால் குற்றம் வயரிலோ, மின் திரும்பிச் செல்லும் கறுப்பு வயர் இணைப்பான எர்த்திலோ இருக்கிறது. இரண்டிலும் சேர்ந்து 13க்குக் கீழே போனால் அல்ரனேற்றரால் தாங்க முடியவில்லை என்று பொருள். ஹெட்லைற்றே மங்குவதால் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகையாக இருக்கும். ஆனாலும் பற்றரியிலிருந்து பொடிக்கும் (வானின் உலோக உடல்) எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர்களைக் கழற்றித் துலக்காமல் அல்ரனேற்றரைக் குறைசொல்ல வேண்டாம்.

எர்த் என்பதைச் சிறு விடயமாக நினைக்கிறவர்கள் அதிகம். மாங்குளத்தில் நான் பார்த்த ஒரு வானில், அம்பின் கறுப்பு வயர் ஆசனத்தின் அடியிலுள்ள ஆணியில், பெயின்ருக்கு மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. வளையத்தைக் கழற்றியபோது அதனடியில் செம்மண் தூசியும் பச்சை பூத்த செம்பும் ஒட்டியிருந்தன. உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, மீண்டும் இறுக்கிப் பூட்டிய பிறகு, சொந்தக்காரர் வாங்க நினைத்திருந்த புதுப் பற்றரிக்குத் தேவை இருக்கவில்லை.

வயரின் தடிப்பும் அப்படியே. 5 மீற்றர் நீளமுள்ள 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 60 அம்பியர் போனால் ஏறத்தாழ 0.3 வோல்ற் வழியிலேயே தொலைகிறது. 35 சதுர மில்லிமீற்றரில் அது 0.15 அளவுதான். மலிவாகக் கிடைக்கும், செம்பு பூசிய அலுமினிய வயர் செம்பைவிட மோசமாகவே மின்னைக் கடத்தும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். பற்றரியின் நேர்முனையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அது அம்பைக் காப்பாற்ற அல்ல, வயர் எங்காவது பொடியில் உரசினால் வான் தீப்பிடிக்காமலிருக்க.

கப்பாசிற்றர் என்பது மின்னைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் பாகம். ஒரு பரட் (அதன் கொள்ளளவின் அலகு) கப்பாசிற்றர் 14 வோல்ற்றிலிருந்து 12க்கு இறங்கும்போது கொடுப்பது 26 யூல் சக்தி. 840 வாற் இழுக்கும் அம்புக்கு அது ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் போதும். காசை வீணாக்காதீர்கள்.

நண்பரின் லொறிப் பற்றரியையும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் நேரடியாக இணைத்தால் இளைத்தது மற்றதையும் சேர்த்து இழுத்து வடியவைக்கும். மேலும் அசிற் ஊற்றும் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும். காற்றில் அது 4 வீதத்தை எட்டினாலே ஒரு தீப்பொறி போதும். ஆட்கள் இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்பது உங்கள் தொழிலின் பங்கு என்றால், 100 அம்பியர் மணி அளவில், ஆழமாக இறங்கி ஏறத்தக்க, ஏஜிஎம் எனப்படும், அசிற் சிந்தாத மூடிய வகைப் பற்றரி ஒன்றைப் பின்னால் வைத்து அம்பை அதிலேயே இணைக்கலாம். முன் பற்றரியிலுள்ள தகடுகள் மெல்லியவை. ஸ்ராட்டரைச் சில செக்கன்கள் சுழற்றுவதற்கே செய்யப்பட்டவை. பின்னால் வைப்பதில் தகடுகள் தடித்தவை. இரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 13.3 வோல்ற்றில் இணைத்து 12.8இல் பிரிக்கும் ரிலே ஒன்றும், இணைப்பு வயரின் இரு முனைகளிலும் பியூஸும் வேண்டும். பிறகு எவ்வளவு பாட்டுப் போட்டாலும் முன் பற்றரி எஞ்சினுக்காகவே காத்திருக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இழந்த 40 அம்பியர் மணி, வற்றாப்பளையிலிருந்து புதுக்குடியிருப்புக்குத் திரும்பும் சிறு ஓட்டத்தில் நிரம்பாது. வீட்டில் ஏஜிஎம்முக்குப் பொருத்தமான சார்ஜரில் இரவு முழுவதும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பற்றரியில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா? - வாசகி, கிளிநொச்சி

பதில்: கூடாது. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர, உப்புகள் தீர்வதில்லை; தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகின்றன. அவை தகடுகளைக் கெடுக்கும். கடையில் பற்றரித் தண்ணீர் என்று கேட்டால் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரையே, தகடுகள் மூழ்கி அவற்றுக்கு மேலே ஒரு விரல் தடிப்பு அளவுக்கு நிற்குமாறு, சார்ஜ் ஏற்றிய பிறகு ஊற்றுங்கள். அசிற் ஊற்ற வேண்டாம். எங்கள் பக்கத்து வெயிலில் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: என் ஓட்டோவில் பேஸ் பெட்டி பூட்ட எந்தப் பற்றரி நல்லது? - ஓட்டோச் சாரதி, மல்லாவி

பதில்: எந்தப் பற்றரியும் இல்லை. ஓட்டோவின் எஞ்சின் உண்டாக்கும் சிறிதளவு மின்சாரத்தில் வெளிச்சமும் ஹோர்னும் ஓடுவதே கணக்கு. பெரிய பற்றரி வைத்தாலும் அதை நிரப்ப அங்கே ஆளில்லை. நல்ல ஸ்பீக்கர் இரண்டை மட்டும் பூட்டி, சத்தத்தை அளவாக வையுங்கள்.