‘முருகனடி சேர்ந்தார் என்றேன், அதெல்லாம் கதை என்றார்’

மதிப்பிற்குரிய டாக்டர்,

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருக்கிறேன். கணவர் இங்கேயே பிறந்தவர். அவருடையது யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் குடும்பம். கடவுளை நம்புகிறவர், நம்பாதவர், பௌத்தர், யூதர் வழி வந்தவர் என்று எல்லோரும் ஒன்றாக உட்காரும் சபை அது. இதைத்தான் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே போவேன்.

சித்திரையில் அப்பா தவறிவிட்டார். தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தே போனவர். சபையில் சந்தோஷத்தையும் துக்கத்தையும் சொல்ல ஒரு நேரம் உண்டு. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுப் பேசுவார்கள். நானும் போட்டேன். “அப்பா முருகனடி சேர்ந்துவிட்டார்” என்றேன். அப்புறம் காபி குடிக்கும்போது, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு ஆறுதல் தேவை, புரிகிறது. ஆனால் அதெல்லாம் நாமே சொல்லிக்கொள்ளும் கதை” என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அன்று முதல் அவரைப் பார்த்தாலே பற்றி எரிகிறது. இருவரும் ஒரே சிறு குழுவில் வேறு இருக்கிறோம். பரந்த மனசுக்காரர்களிடம் என் சாமிக்கு இடமில்லையா? குழுவை விட்டுவிடவா, பொறுத்துப் போகவா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அப்பாவுக்கு என் அஞ்சலி. உங்கள் கோபம் நியாயமானது. சாமி உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. துக்கத்தில் இருப்பவரிடம் அதை எடுக்கக் கூடாது. நம் ஊரில் பழுத்த நாத்திகரும் சாவு வீட்டில் கையைப் பற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ‘புரிகிறது’ என்றாரே, அங்கேதான் சறுக்கினார். முருகன் உங்களுக்கு யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காமலே புரிந்துவிட்டது. இப்போது நீங்களும் அவரைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

உங்கள் சபையில் இது பழைய வழக்கு. 1933இல் அமெரிக்காவில் வெளியான மனிதநேய அறிக்கையில் கையெழுத்திட்ட 34 பேரில் யூனிடேரியன் போதகர்கள் பலர். கடவுளை முன்வைக்காமலே சமய வாழ்வு நடத்தலாம் என்றார்கள். 1961இல் யூனிடேரியன்களும் யூனிவர்சலிஸ்டுகளும் ஒரே அமைப்பான பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி வளர்த்த வீடுகளிலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கே உண்டு. முருகன் என்றதும் உங்களுக்குப் பழனிக்கு நடந்த அப்பாவின் கால்கள் தெரிகின்றன. கடவுள் என்றதும் அந்த அம்மாவுக்கு என்ன தெரிகிறதோ! நான் ஊகிப்பதும் தப்பாக இருக்கலாம். அவரிடமே கேளுங்கள்.

குழு கூடுவதற்கு முன் தனியாகச் சந்தியுங்கள். “நீங்கள் அன்று சொன்னது எனக்கு வலித்தது” என்று முதலில் நேராகச் சொல்லிவிடுங்கள். அதை விழுங்கிவிட்டுச் சிரித்துப் பேசினால் கோபம் உள்ளேயே கிடக்கும். பிறகு, கடவுள் பேச்சு அவருக்கு ஏன் ஒவ்வாமல் போயிற்று என்று கேளுங்கள். அவர் பேசும்போது நடுவே முருகனுக்காக வாதாட வேண்டாம். இந்தச் சபைகளின் சிறு குழுக்களில், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, புத்திமதியும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் உங்களுக்கு இங்கே கைகொடுக்கும்.

வந்த இடத்தில் நாம்தான் அடங்கிப் போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் 1795லேயே யூனிடேரியன் சபையைத் தொடங்கிய வில்லியம் ராபர்ட்ஸ், திருவேங்கடம் என்ற பெயரோடு பிறந்த தமிழர். அமெரிக்கச் சபைகளின் சங்கம் 2024இல் தன் அடிப்படைகளைத் திருத்தியபோது, பன்மையையும் அவற்றில் ஒன்றாக எழுதி வைத்தது. அந்த அம்மா மறுபடி அப்படிப் பேசினால், போதகரிடம் தாராளமாகச் சொல்லலாம். பேசவே மறுத்தாலும் வற்புறுத்தாதீர்கள். வேறு குழு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவரைத் தூது அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஓரிரு வரிதான் இருக்கிறது, மீதியெல்லாம் அந்த அம்மாதான். தூர தேசத்தில் இருந்துகொண்டு துக்கப்படுவது கஷ்டம். அழ முடியாதது சில சமயம் கோபமாக வெளியே வரும். ஊரில் அம்மாவோ உடன்பிறந்தவர்களோ இருந்தால் இந்த வாரமே போன் செய்து, அப்பாவைப் பற்றி மட்டும் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அங்கேயே ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.